ஒரு நஞ்சு, இரண்டு குடம்

22 ஏப்ரல் 2025, செவ்வாய்

இரட்டை என்பது ஏழாவது வாரமே தெரிந்துவிட்டது. இன்று 12 வார ஸ்கேன். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில் கிடக்கிறது. அதனால் தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம் வரை அவரும் கூட வந்தார்.

டாக்டரம்மா ஒரே இடத்தை வெகுநேரம் பார்த்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. குழந்தைகளுக்கு நடுவில் உள்ள சவ்வு, கர்ப்பப்பையில் ஒட்டியிருக்கும் நஞ்சில் (பிளசென்டா) போய்ச் சேரும் இடம் அது என்று அப்புறம் சொன்னார். அங்கே சதை முக்கோணமாக ஏறியிருந்தால் இரண்டு நஞ்சு. மெல்லிய சவ்வு நேராக வந்து ஆங்கில 'டி' எழுத்துபோல நின்றால் ஒரே நஞ்சு. எனக்கு 'டி'. ரிப்போர்ட்டில் எம்.சி.டி.ஏ. என்று இருக்கிறது: நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு.

24 ஏப்ரல்

வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "ரெண்டும் ஒரே முகமா இருக்குமா?" மாமி, நான் சின்ன வயதில் ஒட்டு வாழைப்பழம் தின்றிருப்பேன் என்கிறார். முகத்தை விட நஞ்சைக் கேட்க வேண்டும் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

டாக்டரம்மா தாளில் வரைந்து காட்டியதை இங்கே எழுதி வைக்கிறேன். இரண்டு முட்டையில் உண்டான பிள்ளைகளுக்கு நஞ்சும் இரண்டு. ஒரே கரு இரண்டாகப் பிரிந்தால், அது எந்த நாளில் பிரிந்தது என்பதைப் பொறுத்தது. முதல் 3 நாளுக்குள் என்றால் அவர்களுக்கும் தனித்தனி நஞ்சு, தனித்தனி குடம். 4 முதல் 8 நாளுக்குள் என்றால் எங்களைப்போல. அதற்கும் பிந்தினால் குடமும் ஒன்றாகிவிடும், தொப்புள்கொடிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆகவே நஞ்சு இரண்டு என்பதால் மட்டும் பிள்ளைகள் வேறு வேறு சாயல் என்று சொல்லிவிட முடியாது. தனித்தனி நஞ்சு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்து ஒட்டிக்கொண்டு ஒன்றுபோலத் தெரிவதும் உண்டாம்.

(எங்கள் வீட்டில் நஞ்சுக்கொடி என்றாலே தொப்புள்கொடி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கர்ப்பப்பையில் ஒட்டியிருப்பது நஞ்சு. அங்கிருந்து பிள்ளைக்குப் போகும் கயிறுதான் தொப்புள்கொடி.)

20 மே

16 வாரம். இனி இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். தனித்தனி நஞ்சு உள்ளவர்களுக்கு நாலு வாரத்துக்கு ஒன்று போதுமாம். அலைச்சலை நினைத்து மாமி முகம் வாடியது. காரணம் தெரிந்தால் வாடமாட்டார் என்று நேற்று இரவே உட்கார வைத்துச் சொன்னேன்.

ஒரே நஞ்சில் இரண்டு பிள்ளைகளின் ரத்தக்குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். கொடுப்பதும் வாங்குவதும் சமமாக இருக்கும்வரை தொந்தரவில்லை. நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு அது சாய்ந்துவிடுகிறது. ஒரு பிள்ளை கொடுத்துக்கொண்டே இருக்கும், அதன் குடத்தில் நீர் வற்றும். வாங்கும் பிள்ளையின் குடத்தில் நீர் பெருகும், அதன் இதயம் திணறும். முன்னாலேயே கண்டுபிடித்தால் லேசரால் அந்த இணைப்புகளை அடைக்கலாம், சென்னையில் செய்கிறார்கள். அம்மாவுக்கு எதுவும் தெரியாமலேயே இது ஆரம்பிக்கலாம். அதற்குத்தான் இரண்டு வாரக் கணக்கு. வயிறு திடீரென்று பெருத்து இறுகினாலோ மூச்சு வாங்கினாலோ தேதிக்குக் காத்திருக்காமல் கிளம்பி வரச் சொல்லியிருக்கிறார்.

இன்று இரண்டு குடத்திலும் நீர் சரியாக இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் பாம்பன் பாலம் வரை தூங்கிவிட்டேன்.

3 ஜூன்

18 வாரம். நீர் அளவு சரி.

ஸ்கேன் வாசலில் மண்டபம் ஊர்ப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் இரட்டை. முதல் ஸ்கேனே ஐந்தாம் மாதம்தான் எடுத்தாளாம். நஞ்சு ஒன்றா இரண்டா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஒன்று என்றே வைத்துக்கொண்டு பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுதான் பத்திரமான வழி என்று டாக்டரம்மாவும் சொன்னார். மாதம் ஏற ஏற அந்த முக்கோணம் மங்கிவிடும். 11 முதல் 14 வாரத்துக்குள் பார்ப்பதுதான் தெளிவு. ஒன்று ஆண், ஒன்று பெண் என்று தெரிந்தால் இரண்டு நஞ்சு என்று சொல்லிவிடலாம். ஆனால் 1994 சட்டப்படி நம் நாட்டில் அதைச் சொல்லக்கூடாது, சொல்லாமல் இருப்பதுதான் நல்லது. அப்படியென்றால் நமக்கு அந்த முதல் ஸ்கேன் இன்னும் முக்கியம். இரட்டை என்று தெரிந்த எந்தப் பெண்ணும் "நஞ்சு எத்தனை? ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதா?" என்று மூன்றாம் மாதமே கேட்க வேண்டும். எங்கள் தெருவில் இனி யாருக்கு இரட்டை என்றாலும் நான் போய்ச் சொல்வேன்.

17 ஜூன்

தடைக்காலம் முடிந்து அவர் கடலுக்குப் போய்விட்டார். கச்சான் காற்று பலமாக இருக்கிறது. மாமிதான் துணைக்கு வந்தார்.

20 வாரம். ஒவ்வொரு குடத்திலும் நீர் அதிக ஆழமாக இருக்கும் இடத்தை அளக்கிறார்கள். ஒன்றில் 2 சென்டிமீட்டருக்குக் கீழே போய், மற்றதில் 8-க்கு மேலே ஏறினால்தான் அந்த ஏற்றத்தாழ்வு. எனக்கு 4.3, 4.9. மாமி எண்களை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ரெண்டுக்கும் பங்கு சரியாப் போகுது" என்றார்.

சிக்கல் எதுவும் வராவிட்டால் 36 வாரம் முடிந்ததும் பிரசவம் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அது அக்டோபர் 7. வீட்டுக்கு வந்ததும் மாமி காலண்டரில் ஒன்றுவிட்டு ஒரு செவ்வாயாக அதுவரை வட்டம் போட்டுவிட்டார். அடுத்தது ஜூலை 1.

படகு கரைக்கு வந்ததும் போன் செய்தார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"எவ்வளவு எவ்வளவு?"

சொன்னேன்.