கட்டிங் கணக்கு

அக்டோபர் 15, செவ்வாய்
குடிநோயாளிகளிடம் கேட்கும் ஆய்வுப் படிவத்துக்கு அனுமதி கேட்டிருந்தேன். எதிக்ஸ் கமிட்டியிலிருந்து இன்னும் கடிதம் வரவில்லை.

அக்டோபர் 17, வியாழன்
ஆய்வுக்கு வழிகாட்டும் மேடத்துடன் வீடியோவில் முக்கால் மணி நேரம். ‘குடிநோயாளிகள் மறுபடி குடிப்பது ஏன்’ என்று ஆறு பக்கம் அனுப்பியிருந்தேன். தலைப்பையே அடித்துவிட்டார். “இது பத்து பேர் பத்து வருஷம் செய்ய வேண்டிய வேலை. உன் ஓ.பி.யில் உன்னை உறுத்துவது எது? அதை மட்டும் சொல்லு.” சொல்லத் தெரியவில்லை. எம்.டி. தீசிஸ் சமயத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை. கைடு கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

குடியை விட என்னிடம் வந்துகொண்டிருந்த முக்கூடல்காரர் இன்றும் வரவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி
மழை. கடிதம் இல்லை.

அக்டோபர் 21, திங்கள்
உறுத்துவது கிடைத்துவிட்டது! குடிப்பழக்கத்தை மதிப்பெண் போட்டு அளக்கும் ஆடிட் படிவத்தின் இரண்டாம் கேள்வி: குடிக்கும் நாளில் எத்தனை டிரிங்க்? பேட்டைக்காரர் ஒருவர் “ஒரு கட்டிங்தான் டாக்டரம்மா, மூணு வேளை” என்றார். ஹவுஸ் சர்ஜன் 3 என்று எழுதி 1 மதிப்பெண் போட்டிருக்கிறான். குவார்ட்டர் 180 மில்லி, கட்டிங் 90. டிரிங்க் என்பதோ 30 மில்லிதான். ஆக 9. சரி, அந்த 90 உண்மையில் 90தானா? பிளாஸ்டிக் டம்ளரை நீட்டி, தண்ணீர் கலக்குமுன் சரக்கு எதுவரை என்று கேட்டேன். விரல் வைத்துக் காட்டினார். அதுவரை தண்ணீர் ஊற்றி 50 மில்லி சிரிஞ்சால் உறிஞ்சினேன். இரண்டு முறை நிரம்பியும் அடியில் மிச்சம். 120! அப்படியானால் நாளுக்கு 12 டிரிங்க், மதிப்பெண் 4.

அக்டோபர் 24, வியாழன்
மேடத்துக்குச் சந்தோஷம், ஆனால் திட்டும் விழுந்தது. “அனுமதிக்கு முன்னால் அளந்ததை வைத்தியத்துக்கு வச்சுக்கோ, ஆராய்ச்சியில் சேர்க்காதே.” அப்புறம், “வராமல் போனவர்களை விட்டுவிட்டு வந்தவர்களை மட்டும் எண்ணினால், நம் மருந்து எல்லாருக்கும் கேட்ட மாதிரிதான் தெரியும்” என்றார். யாரை நினைத்தேன் என்று அவருக்குத் தெரியாது.

அக்டோபர் 25, வெள்ளி
முக்கூடலுக்குப் போன் போட்டேன். மனைவி எடுத்தார். “ஏட்டி, யாரு நீ? அவுகளை எதுக்குக் கேக்கே?” முதல் நாள் கூட வந்தவர்தான், என் குரல் பிடிபடவில்லை. டாக்டர் என்றதும், “எம்மா, தப்பா நினைச்சுக்கிடாதீக. வந்தா ஒரு நாள் கூலி போயிருதுல்லா” என்றார். குடிக்கிறாரா என்று கேட்டேன். பதில் இல்லை.

அக்டோபர் 28, திங்கள்
கடிதம் வந்தது. ‘கட்டிங்’ என்ற சொல் ஆய்வுப் படிவத்துக்கு ஏற்றதல்லவாம், மாற்ற வேண்டுமாம். வேறென்ன சொல்லிக் கேட்பது? அரைக்கால் போத்தலா? இரவு முழுக்க எரிச்சல்.

அக்டோபர் 30, புதன்
நாளை தீபாவளி. குடிநோயாளிகளுக்குப் போடும் தயமின் (வைட்டமின் பி1) ஊசி இருப்பு பார்த்துவிட்டேன். தீபாவளியன்று குடியை நிறுத்தினால், இரண்டாம், மூன்றாம் நாளில்தான் பிதற்றல் வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். சனிக்கிழமை டூட்டி எனக்கு.

நவம்பர் 2, சனி
காலை ஆறு மணி. முக்கூடல் நம்பர். வியாழன் காலையோடு நிறுத்திவிட்டாராம், சுவரெல்லாம் எறும்பு என்கிறாராம். பஸ் வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள் என்றேன்.