ஒன்பதோடு நின்ற எண்ணிக்கை

பணி ஓய்வு பெற்று ஓராண்டு கழிந்த பிறகு, ஓய்வு பெற்றவர்களுக்கான நலக் குழு ஒன்றில் சேர்ந்தேன். முதல் நாள் என்னை எடை பார்க்கவில்லை. ரத்த அழுத்தமும் பார்க்கவில்லை. சுவரை ஒட்டிப் போட்டிருந்த, கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். கைகளை மார்பின் குறுக்கே மடித்துக்கொண்டு, பாதங்களைத் தரையில் ஊன்றி, 30 விநாடிகளுக்குள் எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவதுதான் சோதனை. நான்காவது முறைவரை இதெல்லாம் ஒரு சோதனையா என்ற அலட்சியம் எனக்கு இருந்தது. ஏழாவது முறை தொடைகள் கனத்தன. ஒன்பதாவது முறை எழுந்து உட்கார்ந்தபோது, இனி கையை ஊன்றாமல் எழ முடியாது என்று தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் வெளியிட்டுள்ள அளவீட்டின்படி, 65 முதல் 69 வயதுவரையுள்ள ஆண் ஒருவர் 12 முறைக்குக் குறைவாக எழுந்தால் அது சராசரிக்குக் கீழே. அவர் தடுமாறி விழும் ஆபத்து அதிகம் என்பதற்கு அது ஓர் அறிகுறி. நாள் தவறாமல் ஒரு மணி நேரம் நடப்பவன் என்ற என் பெருமை அந்த நாற்காலியில் முடிந்துபோனது.

அதற்கு முன்பு நான் அறிந்திருந்த நலத்திட்டம் என்பது ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவ முகாம் மட்டுமே. ஒரு முகாமில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, விரல் நுனியில் ஊசி குத்திக்கொண்டு, நான்கைந்து எண்கள் எழுதிய தாள் ஒன்றை வாங்கி வந்தேன். அந்த எண்களில் ஒன்று சரியில்லை என்று வட்டமிட்டிருந்தார்கள். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அன்றும் யாரும் சொல்லவில்லை; பிறகும் யாரும் அழைத்துக் கேட்கவில்லை. முகாம்களே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு அத்தோடு விலகிக்கொள்ளும் ஏற்பாட்டை நலத்திட்டம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டுதலில், 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடங்கள்வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று சொல்லப்பட்டிருப்பதைப் பலரும் அறிவோம். அதே வழிகாட்டுதல், வாரத்தில் குறைந்தது மூன்று நாட்கள் உடலின் சமநிலைக்கும் தசை வலிமைக்குமான பயிற்சிகளைச் செய்யச் சொல்கிறது. அதைத்தான் நாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. வீட்டில் வசிக்கும் முதியோர் 23,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்ட 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளை ஒப்பிட்டு மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, உடற்பயிற்சியால் விழுவது ஏறக்குறைய 23 சதவீதம் குறைகிறது என்று கண்டது. அந்தப் பலன் முதன்மையாகச் சமநிலைப் பயிற்சியிலிருந்தும், எழுவது, குனிவது, படியேறுவது போன்ற அன்றாட அசைவுகளைப் பழகுவதிலிருந்தும் வந்தது. வெறும் நடைப்பயிற்சி விழுவதைக் குறைக்கிறதா என்பதற்கு உறுதியான சான்று அதில் கிடைக்கவில்லை. நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனத்துக்கும் நல்லது. ஆனால் கால் இடறும் அந்த அரை விநாடியில் உடலைத் தாங்கிப் பிடிப்பதற்கு வேறு பழக்கம் வேண்டியிருக்கிறது.

எங்கள் குழுவில் அதைப் பழகும் முறை பார்ப்பதற்கு மிகவும் எளியது. நாற்காலியின் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல்களைத் தொடும்படி, ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பிறகு முழுக் கையையும் எடுத்துவிட்டு ஒரு விரலால் மட்டும் நாற்காலியைத் தொட வேண்டும். அதன் பிறகு அந்த விரலையும் எடுத்துவிட வேண்டும். பத்து விநாடி என்பது எவ்வளவு நீளமானது என்பதை, கணுக்கால் இரண்டு பக்கமும் நடுங்க நின்று பார்த்தவர்களே அறிவார்கள்.

இதை வீட்டிலேயே செய்யலாமே என்று என் மகன் கேட்டான். செய்யலாம்தான். பயிற்சிகளின் படம் போட்ட தாள் ஒன்றும் கொடுத்திருந்தார்கள். அது மூன்றாம் நாளே செய்தித்தாள்களுக்கு அடியில் போய்விட்டது. குழுவுக்கு மட்டும் தவறாமல் போனேன். போகாத ஒரு வாரத்தில், மாலைக்குள் தொலைபேசி ஒலித்தது. ஏன் வரவில்லை என்று கேட்டவருக்கு என் தொடைத் தசையைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை; நான் நலமாக இருக்கிறேனா என்று தெரிந்துகொள்ளவே அழைத்தார். அலுவலகத்தில் இருந்தவரை, நாம் ஒரு நாள் வராவிட்டால் பத்து பேருக்குத் தெரிந்துவிடும். ஓய்வு பெற்றதோடு அது நின்றுபோகிறது என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

2010-இல் 148 ஆய்வுகளைத் திரட்டி, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைப் பரிசீலித்த ஒரு தொகுப்பாய்வு, வலுவான உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதல் என்று கண்டது. உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கு நண்பர்களும் எளிதில் அமைவார்கள் என்பதால், இந்த எண்ணை அப்படியே விழுங்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. ஆனாலும் அந்தத் தொலைபேசி அழைப்பை நலத்திட்டத்தின் ஓர் அங்கமாகவே நான் கருதுகிறேன். உபசாரம் என்று ஒதுக்க மாட்டேன்.

ஆண்களை இத்தகைய குழுக்களுக்கு வரவழைப்பது தனிப் பாடு. எங்கள் குழுவிலும் நான்கில் மூன்று பங்கினர் பெண்களே. ஆஸ்திரேலியாவில் 1990-களில் தோன்றிய ஆண்களுக்கான பட்டறை இயக்கம், இதைச் சுற்றுவழியில் தீர்த்தது. நலம், ஆரோக்கியம் என்று பேசாமல், மரவேலைக்கும் பழுதுபார்ப்புக்கும் ஓர் இடத்தைக் கொடுத்தார்கள். ஆண்கள் முகம் பார்த்துப் பேசுவதைவிடத் தோளோடு தோள் நின்று வேலை செய்யும்போதே மனம் திறக்கிறார்கள் என்பது அவர்கள் கண்ட உண்மை. என் அனுபவமும் அதுவே. உடற்பயிற்சிக்கு வர மறுத்த முன்னாள் கணக்காளர் ஒருவரிடம், வருகைப் பதிவேட்டை யாரும் ஒழுங்காக எழுதுவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டோம். மறுவாரமே அளவுகோலோடு வந்துவிட்டார்.

நாங்கள் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு இசை போட்டால் உற்சாகமாக இருக்கும் என்று எண்ணிச் சத்தமாகவே போட்டோம். பயிற்சியாளரும் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி செய்து காட்டினார். காது கேட்கும் கருவி அணிந்த ஓர் அம்மா மெல்ல மெல்ல வராமல் நின்றுவிட்டார். கேட்டபோதெல்லாம் வேலை இருக்கிறது என்றார். ஆறு வாரம் கழித்துத்தான், சொல்வது எதுவும் விளங்காமல் மற்றவர்களுக்கு ஒரு அசைவு பின்னால் செய்துகொண்டிருந்தது தமக்கு அவமானமாக இருந்தது என்று சொன்னார். இசையை நிறுத்தினோம், பயிற்சியாளர் எங்களை நோக்கித் திரும்பி நின்றார். நேரத்தை மாற்றியதும் இப்படி ஒரு காரணத்தால்தான். சிறுநீரை வெளியேற்றும் மாத்திரையைக் காலையில் விழுங்குபவர்கள் அடுத்த சில மணி நேரம் கழிவறையை விட்டுத் தள்ளிப் போகத் தயங்குவார்கள். அதை வெளியில் சொல்லவும் மாட்டார்கள். காலை ஏழு மணிக்கு வகுப்பு வைத்துவிட்டு, முதியவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று அறிக்கை எழுதும் அமைப்புகள் இதை ஒருமுறையாவது கேட்டிருக்குமா என்று தெரியவில்லை.

படுத்த படுக்கையான துணையைப் பார்த்துக்கொள்பவர்களை எப்படி வரவழைப்பது என்பதற்கு எங்களிடம் இன்னும் வழி இல்லை. இருவர் முறை வைத்து அந்த வீடுகளில் உட்கார முன்வந்தார்கள்; அது ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கவில்லை.

நிதியுதவியோடு வரும் திட்டங்கள் பெரும்பாலும் 12 வாரத்தில் முடிந்துவிடுவது இன்னொரு சிக்கல். தசை வலிமை சேரத் தொடங்கும்போதே காலம் முடிந்துவிடுகிறது. பயிற்சியை நிறுத்திய சில மாதங்களில் சேர்ந்த வலிமையும் கரையத் தொடங்குகிறது. பிரிட்டனில் 1980-களில் உருவான, ஓய்வு பெற்றவர்கள் கூடிக் கற்கும் மூன்றாம் பருவப் பல்கலைக்கழகக் குழுக்கள் இன்றும் இயங்குவதற்கு, அவற்றில் உறுப்பினர்களே உறுப்பினர்களுக்குக் கற்பிப்பது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் பயிற்சியாளரின் ஊதியத்துக்கான நிதியும் தீரப்போகிறது. ஆகவே எங்களில் மூவர் அவரிடம் வகுப்பு நடத்தப் பழகிவருகிறோம். தவறான கோணத்தில் மடங்கும் முழங்காலை எட்ட இருந்தே அவர் கண்டுபிடித்துவிடுவார். எனக்கு அருகில் போனால்தான் தெரிகிறது.

சென்ற வாரம் மீண்டும் நாற்காலிச் சோதனை நடந்தது. நான்கு மாதப் பயிற்சிக்குப் பிறகு 12 முறை எழுந்தேன். கடைசி முறை முழுதாக நிமிரவில்லை என்று சொல்லி, கணக்காளர் பதிவேட்டில் 11 என்று எழுதிவிட்டார்.