25 அடி வண்டியும் பாலைவனப் பாதையும்

2024 செப்டம்பர் 21, சனி

லாஸ் வேகாஸில், படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்து அங்கேயே திருப்பி விடுவது என்பது வரை முடிவாகிவிட்டது. நடுவில் எந்த வழி என்பதில்தான் எனக்கும் மச்சினனுக்கும் ஓயாத வாக்குவாதம். சயான், பிரைஸ், கேப்பிட்டல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ், மான்யுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யனின் இரண்டு கரையும், அப்புறம் டெத் வேலி என்று பூங்காக்களாக அடுக்குகிறான். டெத் வேலி எதிர்த்திசை, அதை முதலில் அடித்துவிட்டேன். கிராண்ட் கேன்யனின் வடகரைக்கும் தென்கரைக்கும் நடுவே பறவைக்கு 10 மைல்தான். சாலையில் போனால் 200 மைலுக்கு மேல். ஏதாவது ஒரு கரைதான் என்று சொல்லிவிட்டேன்.

மகள் நான்காம் வகுப்பு. அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு தேசியப் பூங்காக்களில் ஓராண்டு இலவச அனுமதி உண்டு, வண்டியில் இருக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து. ஆண்டு பாஸுக்கான 80 டாலர் மிச்சம். ஆனால் இந்த ஆண்டு தாளில் அச்சிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும், போனில் காட்டினால் செல்லாது.

செப்டம்பர் 27, வெள்ளி

வாடகை ஒப்பந்தத்தை உட்கார்ந்து படித்தேன். மண்சாலையில் ஓட்டக்கூடாதாம். மச்சினன் ஆசைப்பட்ட மோக்கி டக்வே அதோடு போச்சு. 1950களில் யுரேனியத் தாது லாரிகளுக்காக மலையைக் குடைந்து போட்ட மூன்று மைல் மண்பாதை அது. கொண்டை ஊசி வளைவுகள், 11 சதவீதச் சரிவு. ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் நான் ஓட்டியிருக்க மாட்டேன்.

ஆர்ச்சஸில் இந்த ஆண்டு அக்டோபர் முடிய காலை 7 முதல் மாலை 4 வரை நேரச்சீட்டு இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். 2 டாலர். போட்டாச்சு.

அக்டோபர் 6, ஞாயிறு. சயான்

பூங்காவைக் கிழக்குப் பக்கம் கடந்தால்தான் பிரைஸுக்குக் குறுக்கு வழி. குறுக்கே நிற்கிறது 1930இல் முடித்த 1.1 மைல் சுரங்கச் சாலை. மேற்கூரை வளைவாக இருப்பதால், உயர வண்டி தன் பக்கத்திலேயே போனால் மேல் விளிம்பு பாறையில் உரசும். உயரம் 11 அடி 4 அங்குலமோ அகலம் 7 அடி 10 அங்குலமோ எட்டிவிட்டால் 15 டாலர் என்று வாங்கினார்கள். எங்கள் வண்டி இரண்டிலும் மிஞ்சியது. ரேஞ்சர் எதிர்ப்பக்கத்து வண்டிகளை நிறுத்தி வைக்கிறார், நாம் நட்டநடுவில் மஞ்சள் கோட்டின் மேலேயே ஓட்டிப் போகிறோம். பாறையில் வெட்டிய சாளரங்கள் வழியாக வெளிச்சம் வந்து வந்து போகிறது. “ராஜா மாதிரி போறோம், அத்தான்” என்றான் மச்சினன். பின்னால் வந்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ.

அக்டோபர் 8, செவ்வாய்

பிரைஸ் கண்கொள்ளாக் காட்சி. விளிம்பு 8,000 அடிக்கு மேல், இரவில் ஹீட்டர் ஓயவில்லை. அவ்வளவு போதும், ஏனென்றால் இன்றைய சாலைதான் இந்தப் பயணத்திலேயே பெரிய விஷயம்.

பிரைஸிலிருந்து கேப்பிட்டல் ரீஃபுக்கு நெடுஞ்சாலை 12. இது வேண்டாம், வேறு பெரிய சாலையில் சுற்றிப் போங்கள் என்று பலர் எச்சரித்தார்கள். எஸ்கலான்டே ஊரைத் தாண்டி போல்டர் என்ற ஊர் வருவதற்குள் ஹாக்பேக் என்று ஓர் இடம். இரண்டு பக்கமும் அதலபாதாளம், நடுவே பாறை முதுகின் மேல் தார்ச்சாலை, தடுப்புச்சுவர் கிடையாது. மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள். நான் கியரை இறக்கி இஞ்சினைக் கொண்டே வேகத்தைப் பிடித்தேன். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் இவ்வளவு எடைக்கு பிரேக் சூடேறிவிடும். 1930களில்கூட போல்டருக்குக் கோவேறு கழுதைதான் தபால் கொண்டுபோனது என்றால் ஆச்சரியமில்லை. அதன் பிறகு சாலை 9,600 அடி வரை ஏறுகிறது, வழியெல்லாம் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாக.

25 அடி வண்டியென்றால் தாராளமாகப் போகலாம். பின்னால் காரையும் கட்டி இழுத்து வருகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

அக்டோபர் 9, புதன். ஃப்ருட்டா

கேப்பிட்டல் ரீஃபுக்குள், இங்கே குடியிருந்த மார்மன் சமயப் பிரிவினர் வைத்துவிட்டுப் போன பழத்தோட்டம். தோட்டத்திலேயே நின்று தின்றால் காசில்லை, பறித்து வெளியே கொண்டுபோனால்தான் காசு. மகள் கணக்கில்லாமல் ஆப்பிள் தின்றாள்.

முகாமில் மின் இணைப்பு கிடையாது, ஆனால் கழிவு கொட்ட இடம் உண்டு. கையுறை மாட்டிக்கொண்டு முதலில் கக்கூஸ் தொட்டி, அப்புறம்தான் பாத்திரம் கழுவிய தண்ணீர். அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். வரிசையை மாற்றினால் நாற்றம் கூடவே வரும். வழியை முடிவு செய்யும்போது காட்சிமுனைகளைவிட இந்த இடங்களைத்தான் முதலில் வரைபடத்தில் குறிக்கவேண்டும்.

அக்டோபர் 11, வெள்ளி. மோவாப்

ஹாங்க்ஸ்வில் வரை பெட்ரோல் பயம். காலனுக்கு 8, 9 மைல்தான் கொடுக்கிறது. ஆர்ச்சஸ் பார்த்தாயிற்று. நல்ல கூட்டம்.

அக்டோபர் 13, ஞாயிறு. மான்யுமென்ட் வேலி

வரும் வழியில் கூஸ்நெக்ஸ். 1,000 அடி கீழே சான் வான் ஆறு, ஒன்றரை மைல் மேற்கே போவதற்குள் ஆறு மைலுக்கு மேல் வளைந்து ஓடுகிறது. மோக்கி டக்வேயையும் அடிவாரத்திலிருந்து பார்த்தோம். மச்சினன் அண்ணாந்து பார்த்துவிட்டு, “சரி அத்தான், விடுங்க” என்றான்.

மான்யுமென்ட் வேலி நவஹோ பழங்குடி மக்களின் பூங்கா, மகளின் பாஸ் இங்கே செல்லாது. 17 மைல் மண்சுற்றிலும் வீட்டு வண்டிக்கு அனுமதியில்லை, அவர்களுடைய ஜீப்பில்தான் போனோம். அதுதான் நல்லதும்கூட, ஓட்டியவர் கதை சொல்லிக்கொண்டே வந்தார். அந்தி சாய்ந்ததும் மேற்கே சூச்சின்ஷான்–அட்லஸ் வால்நட்சத்திரம் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது.

அக்டோபர் 14, திங்கள். பேஜ்

நவஹோ நிலத்தில் கடிகாரத்தைக் கோடை நேரத்துக்கு மாற்றுகிறார்கள், மற்ற அரிசோனாவில் மாற்றுவதில்லை. அதனால் பேஜ் வந்ததும் ஒரு மணி நேரம் லாபம். ஆன்டிலோப் கேன்யனுக்குச் சீட்டு எடுக்கிறவர்கள் கவனிக்கவும்: அது நவஹோ நிலம், ஆனால் பேஜ் நேரம்.

கடைசிக் கேள்வி, எந்தக் கரை? நாளை 15. அதோடு வடகரையில் விடுதி மூடுகிறது. “இதுதான் கடைசி நாள், போயிடலாமே” என்கிறான் மச்சினன். எனக்குத் தென்கரைதான். ஆண்டு முழுவதும் திறந்திருக்கும், வேகாஸுக்குத் திரும்பவும் நேர் வழி. மேதர் முகாமில் 30 அடி வரை வண்டி நிறுத்தலாம், மின், தண்ணீர் இணைப்பு கிடையாது. மனைவி ஓட்டு எனக்கு. காலையில் இங்கேயே தண்ணீர் நிரப்பி, தொட்டியைக் காலி செய்துவிட்டு, கேமரன் வழியாக டெசர்ட் வியூ வாசல்.