கசகசாவும் வேலைக் கடிதமும்

அமெரிக்காவில் முதல் வேலைக்கான கடிதம் மின்னஞ்சலில் வந்து விழுந்ததும் நம்மவர் செய்யும் முதல் காரியம், சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பது. இரண்டாவது, ஊருக்கு போன் போடுவது. கடிதத்தின் மூன்றாம் பக்கத்து வரி கண்ணில் படுவதற்குள் ஊரில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைந்திருக்கும். வரி இதுதான்: போதைப்பொருள் சோதனையில் தேறினால்தான் வேலை உறுதி; 48 மணி நேரத்துக்குள் இன்ன லேபுக்குப் போய்ச் சிறுநீர் கொடுக்கவும். வேலை கேட்டு வருபவரை நிறுவனங்கள் இப்படிச் சோதிக்க அனுமதிக்கலாமா என்பதுதான் கேள்வி.

அடுத்த போன் எந்த வீட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

"யூரின் டெஸ்டா? சுகர் பார்க்கத்தான் இருக்கும். ரெண்டு நாளைக்குச் சோத்தைக் குறைச்சுக்கோ."

"சுகர் இல்லம்மா. கஞ்சா, அபின் எடுக்கிறேனான்னு பார்க்கிறாங்க."

கொஞ்ச நேரம் குக்கர் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு குரல் இறங்கும். "காலேஜ்ல ஏதாவது..."

நம் ஊரிலும் வேலைக்கு முன் சோதனை உண்டு. அரசு வேலை என்றால் மருத்துவரின் உடல் தகுதிச் சான்று. போலீஸ் வேலை என்றால் உயரமும் மார்பளவும். ஒழுக்கத்துக்கு மாற்றுச் சான்றிதழில் ஒரு வரி இருக்கும். அதில் கடைசி பெஞ்சுக்காரனுக்கும் 'நன்று' என்றே எழுதிக் கொடுத்தார் தலைமையாசிரியர். ஒருவன் யோக்கியனா என்று பிளாஸ்டிக் கப்பில் பார்க்கும் வழக்கம் நமக்குப் புதிது.

இங்கே அமெரிக்காவிலும் அது அவ்வளவு பழசு இல்லை. 1986 செப்டம்பரில் அதிபர் ரீகன் மத்திய அரசு ஊழியர்களுக்காகப் போட்ட ஆணைக்குப் பிறகுதான் அது பரவியது. 1988இல் போதையற்ற பணியிடச் சட்டம் வந்தது; அதில் யாரையும் சோதிக்கச் சொல்லி ஒரு வரியும் இல்லை. 1991இல் லாரி, ரயில், விமானம் ஓட்டுபவர்களுக்குச் சோதனை கட்டாயமாயிற்று. கணினி தட்டுபவரையும் கிடங்கில் பெட்டி அடுக்குபவரையும் சோதிப்பது பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள் தாமாகச் சேர்த்துக்கொண்ட வழக்கம்.

1997இல் இரண்டு தீர்ப்புகள் வந்தன. ஜார்ஜியா மாநிலம் தேர்தல் வேட்பாளர்களுக்கு இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியிருந்தது. செல்லாது என்று 8க்கு 1 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. அதே ஆண்டு கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், வேலையில் இருப்பவரைப் பதவி உயர்வுக்காக எல்லாம் சோதிக்கக் கூடாது, புதிதாக வேலை கேட்டு வருபவரைச் சோதிக்கலாம் என்றது. ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கப்பை நீட்ட முடியாது, வேலை கேட்டு வருபவரிடம் நீட்டலாம். அதோடு, காரணமில்லாத சோதனையைத் தடுக்கும் அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது, தனியார் நிறுவனத்தை அல்ல. ஆக, அனுமதிக்கலாமா என்ற கேள்விக்கு நாட்டின் பெரும்பகுதியில் நடைமுறை ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. எப்படி அனுமதிப்பது என்பதில்தான் ஓட்டை. அந்த ஓட்டை நம் சமையலறை வழியாகப் போகிறது.

முதலில் லேபுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பாஸ்போர்ட்டோ ஓட்டுநர் உரிமமோ கையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் பெயர் முழுக்க ஒரே கட்டத்தில் இருக்கும் தமிழர்களுக்கு விசாவில் முதற்பெயர் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகியிருக்கும். 'முதற்பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம் அது. வைத்தியநாதன் போன்ற பெயரை வைத்தவரே தெரியாது என்று சொன்ன மாதிரி. நிறுவனம் அனுப்பிய ஆணையில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறு பெயரும் இருந்தால் லேபில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், 48 மணி நேரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். முந்தின நாளே மனிதவளத்துறையிடம் கேட்டு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

கோட்டையும் பையையும் வெளியே வைக்க வேண்டும். பாக்கெட்டைக் காலிசெய்து காட்டி, கை கழுவிவிட்டுத்தான் உள்ளே போகலாம். அங்கே கழிவறைத் தண்ணீர் நீலமாக இருக்கும், குழாய் அடைக்கப்பட்டிருக்கும். சொம்பில்லாத கழிவறைக்குப் பழகி ஊரே மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறவர்களும், குழாயும் இல்லாத அறையில் நிற்கும்போது கொல்லைப்புறத்துத் தொட்டியை ஒரு கணம் நினைத்துக்கொள்வார்கள். நீலச்சாயமும் அடைத்த குழாயும் மாதிரியில் தண்ணீர் கலக்காமலிருக்க. கப்பை ஒப்படைக்கும் வரை ஃப்ளஷ் செய்யக் கூடாது.

லாரி, பேருந்து போன்ற மத்திய விதிக்குட்பட்ட வேலைகளில் குறைந்தது 45 மில்லி தேவை: 30 ஒரு குப்பிக்கு, 15 இன்னொன்றுக்கு. நான்கு நிமிடத்துக்குள் கப்பின் பட்டையில் வெப்பத்தைப் பார்ப்பார்கள். 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். உங்கள் கண் முன்னால் சீல் வைத்து, சீலில் உங்களைச் சுருக்கொப்பமிடச் சொல்வார்கள். சீல் வைப்பதற்கு முன் கப்பை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். படிவத்தில் ஐந்து பிரதிகள், கடைசி உங்களுடையது. தினம் எடுக்கும் மாத்திரைகளை நினைவுக்காக அதன் பின்புறம் குறித்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியலை நிறுவனத்தில் யாரிடமும் நீட்டத் தேவையில்லை.

கூச்சத்தில் வரவில்லை என்றால் மூன்று மணி நேரம் கொடுப்பார்கள், அதற்குள் குடிக்க 40 அவுன்ஸ் வரை தண்ணீர். 'உடம்பு சூடு, தண்ணி குடி' என்ற ஊர் அறிவுரையைக் கேட்டு வீட்டிலிருந்தே இரண்டு செம்பு குடித்துவிட்டுப் போவது தப்பு. சிறுநீரில் இயல்பாக இருக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் குறைந்து 'நீர்த்த மாதிரி' என்று வந்தால், போதை எதுவும் இல்லாவிட்டாலும் மறுபடி வா என்பார்கள்.

வழக்கமான ஐந்து வகைச் சோதனையில் கஞ்சா, கோகெய்ன், ஆம்ஃபெட்டமின், அபின் வகைகள், பி.சி.பி. என்ற மனமயக்கப் பொருள் ஆகியவை பார்க்கப்படும். சில நிறுவனங்கள் முடி கேட்கும். உச்சந்தலையை ஒட்டி ஒன்றரை அங்குலம், அது ஏறக்குறைய 90 நாள் கதையைச் சொல்லும். பழனியில் மொட்டை போட்டுவிட்டு நேரே விமானம் ஏறி வந்தவரிடம் உடம்பின் வேறு பகுதியிலிருந்து எடுப்பார்கள். முருகனுக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்லித் தப்ப முடியாது.

இனி கசகசா.

கல்யாண வீட்டுக் குருமாவின் அந்தக் கெட்டித்தன்மை தேங்காயால் மட்டும் வருவதில்லை. தேங்காய், முந்திரி, சோம்பு, ஒரு டீஸ்பூன் கசகசா. தூக்கம் வராத பிள்ளைக்குப் பாலில் கசகசா, வயிற்றுப்போக்குக்குக் கசகசா, விருந்துக்குக் கசகசா பாயாசம். பாட்டிகள் அதை மருந்தென்றே சொன்னார்கள். அபின் செடியின் விதை என்று சொன்னதில்லை. விதைக்குள் அபினின் போதைச் சரக்கான மார்ஃபின் ஏறக்குறைய இல்லை. அறுவடை செய்யும்போது காயின் பால் விதைத் தோலில் ஒட்டிக் காய்ந்துவிடுகிறது, அதில்தான் மார்ஃபினும் கோடீனும். ஆகவே ஒரு மூட்டைக்கும் இன்னொரு மூட்டைக்கும் அளவு பல மடங்கு மாறும். சென்ற மாதம் இதே கடையில் வாங்கித் தின்றேன், ஒன்றும் ஆகவில்லை என்பதெல்லாம் கணக்கில் வராது. வெந்நீரில் ஊறவைத்து நீரைக் கொட்டிவிட்டால் நிறையவே போய்விடும். நம் வழக்கமோ, சத்து போய்விடும் என்று ஊறின நீரிலேயே அரைப்பது.

அளவையும் பாருங்கள். நான்கு பேர் குருமாவில் ஒரு டீஸ்பூன் என்றால் ஆளுக்கு ஒரு கிராம்கூட வராது. பாயாசத்துக்கு மூன்று மேசைக்கரண்டி போட்டால் ஆளுக்கு ஏழு கிராம் போகும். முன்பு சிறுநீரில் அபின் வகைக்கான வரம்பு மில்லிக்கு 300 நானோகிராமாக இருந்தது. பேகல் ரொட்டி மேல் தூவிய கசகசாவே பலரை மாட்டிவிட்டதால், மத்திய அரசு 1998 இறுதியில் அதை 2000 ஆக்கியது. பாயாசக்காரர்களுக்கு அதுவும் முழுக் காப்பல்ல. 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, கசகசா சேர்ந்த உணவையே தவிர்க்கும்படி தன் படையினரைக் கேட்டுக்கொண்டது.

என் மனத்தாங்கல் இங்கேதான். 2000 என்ற வரம்பு மத்திய விதிக்குட்பட்ட வேலைகளுக்கு. தனியார் நிறுவனம் தன் இஷ்டத்துக்கு 300ஐயே வைத்துக்கொள்ளலாம், மருத்துவமனைகளும் அப்படியே. 2010இல் பென்சில்வேனியாவில் பேகல் தின்றுவிட்டுப் பிரசவத்துக்குப் போன ஒரு தாயிடமிருந்து மூன்று நாள் குழந்தையை அதிகாரிகள் எடுத்துப் போனார்கள். பிறகு நஷ்டஈடு கொடுத்தார்கள். பேகலே அந்தப் பாடு பட்டது என்றால், பாயாசம் என்பதை எழுத்துக்கூட்டி விளக்க வேண்டியவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

மத்திய விதியில் ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது. லேப் முடிவு நேராக நிறுவனத்துக்குப் போகாது. இடையில் மீளாய்வு மருத்துவர் ஒருவர் உங்களை அழைத்துப் பேச வேண்டும். மார்ஃபின் அளவு 15,000 நானோகிராமுக்குக் கீழே என்றால், முறைகேடாகப் போதை எடுத்ததற்கு வேறு அறிகுறி இருந்தால்தான் அவர் பாசிட்டிவ் என்று உறுதிசெய்ய முடியும். அதற்கு மேல் போனால் கசகசா என்ற விளக்கமே எடுபடாது. ஹெராயினுக்கென்று தனி அடையாளப் பொருள் ஒன்று உண்டு. அது இருந்தால் கதை முடிந்தது. இல்லை என்பதால் விடுதலை கிடைத்துவிடாது, ஏனென்றால் அது சில மணி நேரத்தில் மறைந்துவிடும்.

அந்த அழைப்பு தெரியாத எண்ணிலிருந்து வரும். விசா மோசடிக்காரர்களுக்குப் பயந்து தெரியாத எண்ணை எடுக்காமலிருக்கப் பழகியவர்கள் நாம். மருத்துவர் 24 மணி நேரத்தில் மூன்று முறை முயன்று பார்ப்பார், பிறகு நிறுவனம் வழியாகச் சொல்லி அனுப்புவார். அதற்கும் 72 மணி நேரத்துக்குள் நீங்கள் பேசாவிட்டால், உங்களைக் கேட்காமலே பாசிட்டிவ் என்று முடித்துவிடலாம். ஆகவே மாதிரி கொடுத்த வாரம் எல்லா அழைப்பையும் எடுங்கள். முடிவு தப்பென்று தோன்றினால், அவர் அதைச் சொன்ன 72 மணி நேரத்துக்குள் இரண்டாவது குப்பியை வேறு லேபுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். தனியார் சோதனையில் பல இடங்களில் இரண்டாவது குப்பியே கிடையாது. விண்ணப்பதாரரைச் சோதிக்க அனுமதிப்பதாக இருந்தால், இந்த மருத்துவரையும் இரண்டாவது குப்பியையும் 2000 என்ற வரம்பையும் எல்லா நிறுவனத்துக்கும் கட்டாயமாக்கட்டும். அது முடியாது என்றால் லாரி ஓட்டுபவரோடு நிறுத்திக்கொள்ளட்டும். கணக்கெழுத வருபவரின் கப் எதற்கு?

சோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்தே கசகசாவை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் இரண்டு நாளில் உடம்பைவிட்டுப் போய்விடும். கறி மசாலாப் பொடி உறையின் பின்புறத்தையும் படியுங்கள். இலங்கைத் தமிழர்கள் இந்த விஷயத்தில் பாக்கியசாலிகள். அவர்கள் ஃபலூடாவில் போடும் கசகசா நம் சப்ஜா விதை, துளசிக் குடும்பம், எந்த லேபுக்கும் அதன் மேல் கோபமில்லை. அமீரகத்தில் கசகசாவே தடை என்பதால், துபாய் வழியாக வருபவர்கள் பெட்டியிலும் வைக்க வேண்டாம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த கோடீன் கலந்த இருமல் சிரப்புக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். சீட்டில்லாத பாட்டில் வீண் வம்பு. சில சித்த, ஆயுர்வேத லேகியங்களில் கஞ்சா இலை சேரும். ஹோலிக்கு வடநாட்டு நண்பர் வீட்டில் கொடுக்கும் பாங் கஞ்சாவேதான். மூக்கடைப்புக்கு இங்கே விற்றுவந்த விக்ஸ் இன்ஹேலர் நம் ஊர் மெந்தால் குழல் இல்லை. அதில் லெவ்மெட்டாம்ஃபெட்டமின் என்ற சரக்கு இருந்தது. தெருவில் விற்கும் போதை மருந்தின் கண்ணாடிப் பிம்பம் அது, சாதாரணச் சோதனை இரண்டையும் பிரித்தறியாது. வலம் இடம் பிரிக்கும் தனிச் சோதனை இருக்கிறது, நாம்தான் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கஞ்சா விஷயத்தில் காற்று மாறுகிறது. நியூயார்க் நகரில் 2020 மே முதல் பெரும்பாலான வேலைகளுக்கு விண்ணப்பதாரரிடம் கஞ்சா பார்க்கக் கூடாது. கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரி முதல், எப்போதோ எடுத்ததன் எச்சத்தை மட்டும் வைத்து வேலை மறுக்க முடியாது. சிறுநீர் சொல்வது பழைய கதை, இப்போது போதையில் இருக்கிறாரா என்பதை அது சொல்லாது என்பதே காரணம். இதைக் கேட்டுவிட்டு, இங்கே சட்டப்படி சரிதானே என்று இறங்கிவிடாதீர்கள். மாநிலச் சலுகை குடியுரிமை இல்லாதவரைக் காப்பாற்றாது. மத்திய சட்டத்தில் கஞ்சா இன்னும் குற்றம்; எடுத்தேன் என்று ஒப்புக்கொள்வதே விசாவிலும் குடியுரிமை விண்ணப்பத்திலும் இடிக்கும். பக்கத்து இருக்கை அமெரிக்கருக்கு அது வார இறுதி, நமக்கு விமான டிக்கெட்.

டொராண்டோ உறவினரிடம் இதையெல்லாம் சொன்னால் சிரிப்பார். வேலைக்கு முன் போதைச் சோதனை பாகுபாடு என்று கனடாவின் ஒன்டாரியோ மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இலேயே சொல்லிவிட்டது. ஆனால் அதே டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியிலிருந்து எல்லை தாண்டி பஃபலோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் லாரி ஓட்டுபவர் அமெரிக்க விதிக்குள் வந்துவிடுகிறார். அவருக்கு வேலையில் சேரும்போது ஒரு முறையோடு முடிவதில்லை. 2020 முதல் ஆண்டுதோறும் ஓட்டுநர் எண்ணிக்கையில் பாதி அளவுக்குக் குலுக்கல் முறையில் சோதனை நடக்கிறது. பெயர் எந்தக் காலையில் வரும் என்று தெரியாது, வந்தால் உடனே போக வேண்டும். மூன்று நாள் முன்பே நிறுத்துவது என்ற கணக்கு அவருக்கு உதவாது.

அப்படிப்பட்ட வீடுகளில் குருமாவுக்கு வெள்ளரி விதையும் பொட்டுக்கடலையும் அரைக்கிறார்கள். நான்கு பேருக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளரி விதை, அரை மேசைக்கரண்டி பொட்டுக்கடலை. பொட்டுக்கடலை கூடினால் ஆறியதும் களியாகிவிடும். கெட்டியாகத்தான் வருகிறது, பரோட்டாவுக்குப் பழகிவிட்டது என்றும் சொல்வார்கள். பிறகு யாராவது ஊர்க் கல்யாணப் பந்தியில் இலையோரம் வழிந்த குருமாவைப் பற்றிப் பேச்செடுப்பார்கள்.