மட்டக்களப்பு ரயில் பாதையில் மதகு மாற்றுவதற்குப் புரோகிராம் போடும் முறை

மட்டக்களப்புக்கு வருவது ஒற்றைப் பாதை. புணானைக்கும் வாழைச்சேனைக்கும் இடையில் ஓரிடத்தில் வெட்டினால் ரயில் சுற்றிவர வேறு வழியில்லை. அதனால் இங்கே புரோகிராமை, அதாவது வேலை அட்டவணையை, முடிக்க வேண்டிய திகதியிலிருந்து பின்னோக்கிப் போடுவதுதான் சரி.

கோடை முழுக்க வேலை செய்யலாம் என்று கணக்குப் போட்டால் பிழையாகிவிடும். வயல் வாய்க்கால் போகும் மதகுகளில் சிறுபோகத்துக்கு விட்ட தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். விவசாயிகளின் ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் பூட்டும் திகதியை முடிவு செய்வார்கள். அந்தத் திகதியை வாங்காமல் அட்டவணை போடும் மென்பொருளான பிரைமவேராவைத் திறக்கவே வேண்டாம். ஒக்டோபர் நடுவுக்குப் பிறகு மாரியை நம்ப முடியாது. ஆக, கையில் இருப்பது ஓகஸ்ட் கடைசியிலிருந்து சில கிழமைகள்தான்.

நாலு மதகு, ஒவ்வொன்றுக்கும் 6 கொங்கிரீட் பெட்டித் துண்டு என்றால் மொத்தம் 24. ஒரே அச்சில் நாளுக்கு ஒன்று வார்த்தால் 24 நாள். கடைசித் துண்டு முதிர இன்னும் 28. எல்லாத் துண்டும் தயாராகாமல் முதல் புளொக் (ரயிலை நிறுத்திப் பாதையை வேலைக்கு எடுக்கும் நேரம்) எடுக்கக் கூடாது. செப்டம்பர் முதல் கிழமை புளொக் என்றால், ஜூலை முதல் கிழமையே வார்ப்புத் தொடங்க வேண்டும்.

புளொக்கை நிமிடத்தில் எழுதுங்கள். பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு 25, தண்டவாளம் வெட்டிப் பாதையைத் தூக்க 40, மண் தோண்ட 90, அடித்தளம் போட 30, துண்டு இறக்க 70, மண் நிரப்பி இறுக்க 80, பாதையைத் திரும்பப் போட்டுச் சல்லி இறுக்க 60. கூட்டினால் 395 நிமிடம். 6 மணி நேரம் போதாது, 8 கேளுங்கள். மிஞ்சும் 85 நிமிடத்தை வேறு வேலைக்குக் கொடுக்கக் கூடாது. எக்ஸ்கவேட்டரின் ஹைட்ரோலிக் ஹோஸ் ஒன்று வெடித்தாலே அதில் பாதி போய்விடும். மாற்று எக்ஸ்கவேட்டர் ஒன்று இயங்கும் நிலையில் நிற்காமல் தண்டவாளத்தில் கைவைக்க விடக் கூடாது.

கிரேனில்தான் அதிகம் ஏமாறுவார்கள். 1.5 மீட்டர் சதுர வாய், 200 மில்லிமீட்டர் சுவர், 1.2 மீட்டர் நீளம் உள்ள துண்டு 4 தொன் இருக்கும். 25 தொன் கிரேன் என்றாலும் அந்த அளவு கிட்டத்தில் தூக்குவதற்குத்தான். கை நீட்ட நீட்டத் தாங்கும் பாரம் குறையும். பாதையின் மண்மேட்டுக்குக் கீழே கிரேன் நிற்பது வயல் மண்ணில். அறுவடை முடிந்த கையோடு அங்கே கிராவல் போட்டு இறுக்க வேண்டும்; இது பல புரோகிராம்களில் ஒரு வரியாகக்கூட இருப்பதில்லை. அந்தப் பக்கம் யானை நடமாட்டமும் உண்டு. இரவு வேலைக்கு வெளிச்சமும் காவலும் தனி வரி.

மண்ணை இரண்டு பக்கமும் சமமாக, 150 மில்லிமீட்டர் அடுக்காக இறுக்குங்கள். ஒரு பக்கம் உயர்ந்தால் பெட்டி நகரும். எவ்வளவு இறுக்கினாலும் ரயில் ஓடிய பிறகு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். முதல் ரயிலை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் விட்டு, மட்டம் பார்த்து, திரும்பச் சல்லி இறுக்கிய பிறகே வேகத்தைக் கூட்டலாம். இதற்கு இரண்டு கிழமையும் ஒரு குழுவும் ஒதுக்கினால், கடைசி மதகின் புளொக் செப்டம்பர் முடிவைத் தாண்டக் கூடாது.