ஏரிக்கரையில் படகுச் சாய்தளம்: ரெடிமிக்ஸ் சீட்டைப் படிக்காமல் கலவையைக் கொட்டவிடாதீர்கள்

டிரெய்லரில் வரும் படகை ஏரியில் இறக்கவும் ஏற்றவும் கான்கிரீட் சாய்தளம் கட்டினோம். முதல் லாரி கான்கிரீட் சரிவில் நிற்கவே இல்லை. கொட்டக் கொட்டக் கீழே வழிந்து, அடியில் 22 செ.மீ., மேலே 9 செ.மீ. என்று ஆகிவிட்டது. வேண்டியது எல்லா இடத்திலும் 15. நாங்கள் கேட்டது எம்30 வலிமைத் தரம், ஸ்லம்ப் (கோனில் நிரப்பிக் கோனைத் தூக்கினால் கலவை எவ்வளவு இறங்குகிறது என்ற அளவு) 75 மி.மீ. வந்ததோ பம்பில் தள்ளும் 150 மி.மீ. கலவை. டெலிவரி சீட்டிலேயே அப்படித்தான் போட்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை.

குறுக்கே பலகை அடித்து, கம்பியை வெளியே நீட்டவிட்டு, அந்த இடத்தோடு ஜாயின்ட் விட்டு நிறுத்தினோம். வழிந்ததை இறுகுவதற்குள் மண்வெட்டியால் மேலே வாரி மட்டப்படுத்தியதில் ஏழு பேருக்கு முதுகு போயிற்று. அடுத்த லாரியைக் கோன் வைத்துப் பார்த்தோம்: 140. திருப்பி அனுப்பினோம். ஆலையில் சத்தம் போட்டார்கள், போடட்டும். மறுநாள் 80-இல் வந்த கலவை கொட்டிய இடத்திலேயே நின்றது. கீழிருந்து மேலேதான் கொட்ட வேண்டும். டிரைவர் டிரம்மில் தண்ணீர் விடக் கூடவே கூடாது. நனைந்து காய்ந்து நனையும் கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 (இந்தியக் கான்கிரீட் தரநிலை) சொல்வது நீர்–சிமென்ட் விகிதம் 0.45-க்குள், கம்பிக்குக் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்) 45 மி.மீ. நாலு குடம் சேர்த்தாலே விகிதம் போய்விடும்.

அதற்கு முன்பே இரண்டு மாதம் வீண். வரைபடத்தில் உயரத்தையெல்லாம் ரோட்டு மட்டத்திலிருந்து குறித்திருந்தோம். அனுமதி தரும் அலுவலகம் இரண்டு முறை திருப்பியது. முதல் முறையே காரணம் சொல்லியிருந்தால் ஒரு நடை மிச்சம். ஏரியின் அளவுகோலை வைத்து, முழுக்கொள்ளளவு மட்டம், கோடையின் கடைசி மட்டம் இரண்டையும் குறியுங்கள். நீளமும் அதிலிருந்துதான் வரும். எங்கள் ஏரியில் ஏற்ற இறக்கம் 1.5 மீ., தாழ்ந்த மட்டத்துக்குக் கீழே 1 மீ., முழு மட்டத்துக்கு மேலே அரை மீட்டர். மொத்தம் 3 மீ. எட்டுக்கு ஒன்று சரிவில் 24 மீ. நீளம். இதைவிடச் சாய்வு குறைந்தால் படகு மிதக்குமுன் டிராக்டரின் பின்சக்கரம் தண்ணீரில் இறங்கிவிடும்.

தண்ணீருக்குள் போகும் கடைசி 8 மீட்டருக்கு ஊற்றவே இல்லை. கரையிலேயே வார்த்த 27 கான்கிரீட் பலகைகளை (4.5 மீ. × 30 செ.மீ. × 15 செ.மீ., ஒவ்வொன்றும் சுமார் 500 கிலோ) ஜல்லிப் படுகைமேல் ஜேசிபியால் இறக்கினோம். சிக்கலில்லை.

பாசி வழுக்கும் என்பதால் மேற்பரப்பில் 25 மி.மீ. ஆழத்துக்கு வி-கோடு, தண்ணீரும் சேறும் ஓரமாக வடியும்படி சாய்வாக. விரலால் அழுத்தினால் லேசாகப் பதியும் பதத்தில் இழுக்க வேண்டும். சீக்கிரம் இழுத்தால் கோடு மூடிக்கொள்ளும். சரிவில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த முடியாது. ஈரச் சாக்குதான், பிபிசி (சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் 10 நாள்.

கடைசிப் பலகைக்கு அப்பால் பெரிய கருங்கற்களை அடுக்கிவிடுங்கள். மோட்டாரை முடுக்கிப் படகை டிரெய்லரில் ஏற்றும்போது புரொப்பெல்லர் அந்த இடத்தைத்தான் அரிக்கும். குழி விழுந்தால் டிரெய்லர் சக்கரம் அதற்குள் இறங்கி அச்சு மாட்டிக்கொள்ளும்.