எலிகளைக் காப்பாற்றிய மருந்துகள்

பக்கவாத ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்கிறவர் முதலில் கற்றுக்கொள்வது எலியின் கழுத்தைத்தான், மூளையை அல்ல. எலியை மயக்கி, கரோட்டிட் தமனி வழியாக, சிலிகான் முனை வைத்த நைலான் இழையை மெல்ல மேலே செலுத்தவேண்டும். மூளையின் நடுத்தமனி பிரியும் இடத்தை அது அடைத்ததும் ஸ்ட்ரோக் ஆரம்பம். இழையை உருவிவிட்டால் ரத்தம் திரும்பும். மறுநாள் மூளையை வில்லைகளாக வெட்டி டிடிசி சாயத்தில் போட்டால், உயிருள்ள பகுதி செங்கல் நிறமாகும்; செத்தது வெள்ளையாகவே இருக்கும். டொரன்டோவில் போஸ்ட்டாக்டராக, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக, இருந்த வருடங்களில் அந்த வெள்ளையை அளப்பதுதான் என் பிழைப்பு.

நாங்கள் நம்பிய கோட்பாடு எளிமையானது. ரத்தம் நின்றதும் நரம்பணுக்களில் எரிபொருள் தீர்ந்து, ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப அவை வைத்திருந்த குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வெளியே கொட்டுகிறது. அது பக்கத்து நரம்பணுக்களின் என்எம்டிஏ ஏற்பிகளை, அதாவது குளூட்டமேட் பட்டால் திறக்கும் வாயில்களை, திறந்துவிட, கால்சியம் உள்ளே பாய்ந்து அவற்றையும் கொல்கிறது. குளூட்டமேட் மிகுந்தால் நரம்பணு தூண்டப்பட்டே சாகும் என்பதை 1969-இல் ஜான் ஓல்னி எலிக்குட்டிகளில் காட்டினார். அப்படியானால் ஏற்பியை அடைத்துவிட்டால் போதாதா? 1980களில் வந்த, அந்த ஏற்பியை அடைக்கும் எம்கே-801 என்ற மருந்து எலிகளில் வெள்ளைப் பரப்பைச் சுருக்கியது. 1990களில் செல்ஃபோடெல், ஆப்டிகனெல் எனப் பல மருந்துகள் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டன. எதுவும் தேறவில்லை. நினைவுக்கும் கற்றலுக்கும் அதே ஏற்பிதான் வேலை செய்கிறது. அதை மொத்தமாக அடைத்தால் மனக்குழப்பமும் மாயக்காட்சிகளும் வராமல் என்ன செய்யும்?

எங்கள் கட்டடத்துக்கு அடிக்கடி வரும் யாழ்ப்பாணத்து நரம்பியல் டாக்டர் ஒருவர் உண்டு. "தம்பி, உங்கட எலியெல்லாம் எழும்பி ஓடுது. என்ர பேஷண்ட் மட்டும் ஏன் எழும்பேல்லை?" என்று சிரிப்பார். அவருடைய நோயாளிக்கு எழுபது வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை. அறிகுறி எப்போது தொடங்கியது என்றே வீட்டாருக்குச் சரியாகத் தெரியாது. எங்கள் எலி சில மாத வயது ஆண், ஒரு வியாதியும் கிடையாது. அதற்கு எத்தனை மணிக்கு ஸ்ட்ரோக் வந்தது என்பது நோட்டில் இருக்கும். ஏனென்றால் வரவைத்ததே நாங்கள்தான்.

2006-இல் வந்த ஒரு கணக்கின்படி, ஸ்ட்ரோக்குக்காக அதுவரை ஆராயப்பட்ட சிகிச்சைகள் 1,026. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே இந்தத் துறை ஒரு மயானம் என்று கேலி பேசுவார்கள். உள்ளே இருந்து பார்த்தபோது எனக்குத் தோன்றியது வேறு. ஏற்பியைப் பற்றி எழுதியதில் பாதியாவது, எலி படுத்திருந்த மேசையைப் பற்றி எழுதியிருக்கவேண்டும்.

வெப்பநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். எம்கே-801 உடல் வெப்பத்தைக் குறைக்கும். குளிர்ந்த மூளை தானாகவே குறைவாகச் சாகும். மூளை முழுவதற்கும் சிறிது நேரம் ரத்தத்தை நிறுத்திய ஜெர்பில்களில் (எலி போன்ற சிறு பிராணிகள்), காப்பாற்றியது குளிர்ச்சிதான், மருந்து அல்ல என்று புக்கனும் புல்சினெல்லியும் 1990-இல் காட்டினார்கள். அதனால் எங்கள் மேசையில் மலக்குடல் வெப்பமானி இல்லாமல் யாரும் கத்தியைத் தொடக்கூடாது. மயக்கமருந்திலும் இதே தொல்லை. பல ஆய்வகங்களில் சாதாரணமாகப் போடும் கெட்டமின் என்எம்டிஏ ஏற்பியை அடைப்பது. அதைப் போட்டு மயக்கிவிட்டு இன்னொரு ஏற்பி மருந்தைச் சோதிப்பதில் என்ன அர்த்தம்? நாங்கள் ஐசோஃப்ளூரேன் வைத்தோம். அதுவும் ஓரளவு நரம்பணுவைக் காக்கக்கூடியது. ஆகவே எல்லா எலிக்கும் ஒரே அளவு நேரம்தான் மயக்கம். எந்த எலிக்கு மருந்து, எதற்கு உப்புநீர் என்ற பட்டியல் பேராசிரியரின் மேசையறையில் பூட்டி இருக்கும். அளந்து முடிக்கும்வரை சாவி எங்களுக்குக் கிடையாது.

மருந்து தாமதமாகப் போனதுதான் தோல்விக்குக் காரணம் என்பது ரொம்ப நாள் சமாதானமாக இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஆம்புலன்ஸிலேயே மெக்னீசியம் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ஏற்பியை இயல்பாகவே அடைத்து நிற்பது மெக்னீசியம். 1,700 பேர், பாதிப்பேருக்கு அறிகுறி தொடங்கி முக்கால் மணி நேரத்துக்குள் சோதனை மருந்து ஏறிவிட்டது. 2015-இல் முடிவு வந்தது: வித்தியாசமில்லை. அன்று எங்கள் மதிய சாப்பாட்டு மேசையில் பேச்சே எழவில்லை.

அப்புறம் நெரினெடைட். மைக்கேல் டிமியான்ஸ்கியின் குழு எங்கள் ஊரிலேயே உருவாக்கிய பெப்டைட், அதாவது சிறு புரதத் துண்டு, அது. ஏற்பியைத் தொடாமல், அதற்குப் பின்னால் பிஎஸ்டி-95 புரதம் நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கும் நொதியோடு சேர்ந்து நடத்தும் அழிவை மட்டும் துண்டிப்பது அதன் வேலை. மணி அடிக்கட்டும், அதைக் கேட்டு ஓடிவருகிறவனை மட்டும் நிறுத்து என்கிற மாதிரி. 2012-இல் குரங்குகளில் பலித்தது. 2020-இல் 1,105 நோயாளிகளில் நல்ல நிலைக்குத் திரும்பியவர்கள் மருந்து பெற்றவர்களில் 61.4 சதவீதம், பெறாதவர்களில் 59.2. ரத்தக்கட்டியைக் கரைக்கக் கொடுக்கும் ஆல்டிப்ளேஸ், உடலில் பிளாஸ்மின் என்ற நொதியை உண்டாக்குகிறது. அந்த பிளாஸ்மின் இந்த பெப்டைடை வெட்டிவிடுகிறது. ஆல்டிப்ளேஸ் பெறாதவர்களிடம் பலன் தெரிந்தது. அப்படிப்பட்டவர்களை மட்டும் வைத்து நடத்திய அடுத்த பெரிய சோதனையில் அந்தப் பலனும் நிற்கவில்லை.

அதே 2020-இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை ஒன்றுதான் என் வேலையை அதிகம் மாற்றியது. எலி இரவில் விழித்திருக்கும் பிராணி. பகலில், அதாவது அது தூங்கும் நேரத்தில் ஸ்ட்ரோக் வரவைத்தால் எம்கே-801 உட்பட மூன்று சிகிச்சைகள் வேலை செய்தன. இரவில் வரவைத்தால் செய்யவில்லை. நாங்கள் அறுவை செய்ததெல்லாம் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துக்குள். மனிதர்களுக்கான சோதனைகளில் சேர்ந்தவர்களோ பெரும்பாலும் விழித்திருந்தபோது விழுந்தவர்கள்.

"இனி யார் ராத்திரி ஷிஃப்ட்?" என்று பேராசிரியர் கேட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை. கடைசியில் எலிக்கூடங்களின் விளக்கு நேரத்தைத் தலைகீழாக மாற்றினோம். சிவப்பு வெளிச்சத்தில் தடவித் தடவி அவற்றைக் கூண்டிலிருந்து எடுத்து, பட்டப்பகலில் அவற்றின் நள்ளிரவுக்கு ஸ்ட்ரோக் வரவைத்தோம். வயதான எலிகளையும், ரத்த அழுத்தமுள்ள எலிகளையும், பெண் எலிகளையும் சேர்த்தோம். வெள்ளைப் பரப்பின் அளவுகள் எலிக்கு எலி தாறுமாறாக வேறுபட்டன. ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அழகான வரைபடம் ஒன்றும் தேறவில்லை. டாக்டர் அண்ணனிடம் காட்டினேன். "இப்பத்தான் என்ர வார்டு மாதிரி இருக்கு" என்றார்.